மெதுவாக ஓட்டுபவன் முன்னால்

என்னை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நான்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திண்டுக்கல்லில் என் வயதுக்காரர்கள் யாராவது இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "அந்தக் காலத்துல ஒங்களையும் சேத்துக்கிட்டுப் பழனிக்குச் சைக்கிள்ல போனாங்கள்ல, நல்ல மனசுக்காரங்க" என்று ஆரம்பிக்கிறார்கள். நல்ல மனசு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாள் குறித்தது, வழி பார்த்தது, யார் எங்கே நிற்க வேண்டும், யார் எதைக் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று சொன்னது எல்லாம் நான்.

எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே சூம்பிப்போனது. இடது கால் இரண்டுக்கும் சேர்த்து வளர்ந்தது. நொண்டி என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வராது, உள்ளதைத்தானே சொல்கிறார்கள். 'ஐயோ பாவம்' என்றால்தான் வரும். அந்தச் சொல் காதில் விழுந்தால் கையில் இருக்கும் ஸ்பேனரை எறியத் தோன்றும். இரண்டு தடவை எறிந்தும் இருக்கிறேன்.

ஸ்பேனர் எப்போதும் கையில் இருந்தது. வாடகைச் சைக்கிள் கடை ஒன்றில் வேலை. கோட்டம் எடுப்பது என் பொறுப்பு. சக்கரத்தைக் கழற்றி மாட்டி, சுழற்றிவிட்டு, எந்த இடத்தில் ஆடுகிறது என்று பார்த்து, அங்கே உள்ள கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் நேராக ஓட வைக்க வேண்டும். உட்கார்ந்தே செய்யலாம் என்பதால்தான் முதலாளி எனக்குக் கொடுத்தார். நான் அதை ஊரிலேயே நன்றாகச் செய்தேன். இதில் எனக்கு அடக்கம் கிடையாது.

கடை சாத்திய பிறகு நானே ஒரு பழைய சைக்கிளை எனக்கு ஏற்றபடி மாற்றினேன். வலது பெடலைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் காலை வைத்துக்கொள்ள முன்பக்கம் ஒரு சின்னக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டேன். இடது பாதத்தைப் பழைய டியூப் வாரால் பெடலோடு சேர்த்துக் கட்டினேன். அப்படிக் கட்டினால்தான் மிதித்த காலாலேயே பெடலை மேலே இழுக்கவும் முடியும். ஒரு வாரம் விழுந்தேன், இரண்டாவது வாரம் ஓட்டினேன். ஓட்டுவது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. நிறுத்துவதுதான் கஷ்டம். மற்றவர்கள் காலை ஊன்றுவார்கள். எனக்கு ஒரு கால் கட்டிக் கிடக்கிறது, இன்னொன்று ஊன்ற லாயக்கில்லை. பிடித்துக்கொள்ளத் தோதான உயரத்தில் ஏதாவது இருந்தால் நிற்கலாம், இல்லாவிட்டால் விழ வேண்டும்.

கடைக்கு வந்துபோகும் சிநேகிதர்கள் ஐந்து பேர். தோல் மண்டியில் வேலை பார்த்த என் பள்ளிக்கூடத் தோழன், ஓர் ஆரம்பப் பள்ளி வாத்தியார், சாணார்பட்டியிலிருந்து தக்காளிக் கூடையோடு சைக்கிளில் வரும் விவசாயி, ரொட்டிக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர். அறுபதை ஒட்டிய ஒரு மார்கழியில் இவர்கள் ஐவரும் வைகை அணையைப் பார்க்கச் சைக்கிளில் போய் வந்தார்கள். போவதற்கு முந்தின நாள் ஐந்து பேருடைய சக்கரத்துக்கும் நான்தான் கோட்டம் எடுத்தேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மா, இங்கனதான்" என்றான் தோல் மண்டித் தோழன். அவர்கள் திரும்பி வந்து அணையின் உயரத்தைப் பற்றிக் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"சொல்லிருந்தா நானும் வந்திருப்பேன்ல?" என்றேன்.

"ஒனக்கு எதுக்கு மாப்ளே சிரமம்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் ஒரு வருஷம் வைத்திருந்தேன். அடுத்த கார்த்திகை பிறந்ததுமே, அவர்கள் யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால், நான் கடைச் சுவரில் ஓர் அட்டையை மாட்டினேன். மார்கழிக் கடைசியில் பழனி. போக ஒரு நாள், வர ஒரு நாள். ஏற்பாடு நான். ஏற்பாடு செய்கிறவனை விட்டுவிட்டுப் போக முடியாது என்பதுதான் என் கணக்கு. வர விருப்பம் இல்லாதவன் தன் சக்கரத்தை வேறு கடையில் கொடுத்துக்கொள்ளலாம் என்றும் வாயால் சொன்னேன். அது மிரட்டல்தான்.

அட்டையில் இரண்டே விதிகள் எழுதியிருந்தேன். மெதுவாக ஓட்டுபவன் முன்னால் போக வேண்டும், அவனை யாரும் முந்தக் கூடாது. நிற்பதென்றால் சுமைதாங்கிக் கல்லில்தான் நிற்க வேண்டும்.

"இது என்னப்பா சட்டம்? வேகமா போறவன் முன்னால போனாத்தான வழி தெரியும்?" என்று கேட்டார் வாத்தியார்.

"வேகமாப் போறவன் முன்னால போனா அவனுக்கு மட்டுந்தான் வழி தெரியும் சார்" என்றேன்.

சுமைதாங்கியைத் தெரியாதவர்கள் இப்போது இருக்கலாம். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதில் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நடுவது அது. சைக்கிளில் உட்கார்ந்தபடி கை வைத்தால், ஒருவருடைய தோளில் கை போடுகிற உயரம் இருக்கும். எனக்காகவே நட்டது போலத் தோன்றும். சாலையோரம் புளியமரங்களும் இருந்தன, ஆனால் அவை பள்ளத்துக்கு அப்பால் நின்றன. மைல்கல்லோ முழங்கால் உயரம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பழனிக்குப் போனேன். போகும்போது இடது பக்கக் கற்களை எண்ணினேன், உடனே அடுத்த பஸ்ஸில் திரும்பி, வரும் வழியின் கற்களை எண்ணினேன். போகும் வழியில் ஒன்பது. வரும் வழியில் ஆறு. அதிலும் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டினால் ரெட்டியார்சத்திரத்தை நெருங்கும் வரை ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தை அட்டையில் கோடு போட்டு வைத்தேன். கண்டக்டர் நான் எதை எண்ணுகிறேன் என்று கேட்டார். அந்தப் பெண்களை எண்ணுகிறேன் என்று சொல்ல முடியுமா? பொழுதுபோகவில்லை என்றேன்.

அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்து, "வெஞ்சனம் தனியா வச்சிருக்கேன், மொதல்ல அதைத் தின்னுரு" என்றாள். வாசல் வரை வரவும் இல்லை. வந்தால் அழுதிருப்பாள், அழுதால் நான் கத்தியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

விடியற்காலையில் ஆறு பேரும் கிளம்பினோம். பனி கொட்டியது. வாத்தியார் மங்கிக் குல்லாவில் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு வந்தார். விவசாயி இரண்டு சட்டை போட்டு, மேலே சாக்குப் பையையும் போர்த்தியிருந்தார். என்னிடம் பம்பு, சொல்யூசன், பஞ்சர் ஒட்டும் ரப்பர், வால்வு டியூப், உபரியாக நாலு கம்பி இருந்தன. நான் முன்னால். எனக்குப் பின்னால் ஐந்து சைக்கிள்களின் சங்கிலிச் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கத்த வேண்டும் போல் இருந்தது, கத்தினேன். ரொட்டிக் கடைத் தம்பி பயந்து பிரேக் போட்டான்.

மூன்றாவது சுமைதாங்கியில் ஒரு அம்மாள் கீரைக் கட்டை இறக்கி வைத்துக்கொண்டு நின்றார். நான் கல்லின் மறுமுனையைப் பிடித்துச் சைக்கிளை நிறுத்தினேன். காலில் கட்டிய வாரை அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏய்யா, சொமய எறக்கத்தான கல்லு நட்டுருக்காக. நீ ஒன்னயே எறக்கி வைக்கிற?" என்றார்.

"நாந்தான் ஆத்தா பெரிய சொம" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டார். யாரும் பாவம் என்று சொல்லாத நல்ல காலை அது.

ஒட்டன்சத்திரத்தில் டீ குடித்தோம். டீக்கடைக்காரர் எங்கள் வேகத்தைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, வாடைக் காத்துத்தானுங்க முதுகுல தள்ளிட்டு வருது. போறப்ப சொகமாத்தானுங்க இருக்கும், திரும்பி வர்றப்பப் பாருங்க" என்றார். அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். "இம்புட்டுத் தொல வந்தும் கால் வலிக்கல, காத்துன்னு சொல்றாரு!" என்றான் தம்பி. வாத்தியாரும் தன் தொடையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

எனக்குக் காற்றைத் தெரியும். ஒரு காலால் மிதிப்பவனுக்குத் தெரியாமல் இருக்காது. பெடல் மேலே வரும் நொடியில் வண்டி துவள வேண்டும், அன்றைக்கு அது துவளவேயில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது போல் இருந்தது. டீக்கடையை விட்டுக் கிளம்பியதும் இதைச் சொல்லி, இன்றைக்கு மெதுவாகப் போங்கள், நாளைக்குப் பலம் வேண்டும் என்று எச்சரிக்க வாயெடுத்தேன். அதற்குள் சாலை நேராகிவிட்டது. தம்பி என்னை முந்தினான். அவனைப் பிடிக்க அண்ணன். அப்புறம் விவசாயி, வாத்தியார். கடைசியாக என் தோழன், "செத்த நேரந்தான் மாப்ளே, சத்திரப்பட்டில நிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே போனான்.

விதியை உடைத்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. போங்கடா, நாளைக்கு வாடை உங்களுக்குச் சொல்லித் தரும் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் சத்திரப்பட்டியிலும் நிற்கவில்லை. நான் பழனியில் போய்ச் சேர்ந்தபோது குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கள் காலின் பலத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் முழுவதும் எனக்குச் சொல்ல நேரம் இருந்தது. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஏற்பாடு செய்தவன் செய்யக் கூடாத காரியம் அது. செய்தேன்.

மறுநாள் காலையில் ஊரைத் தாண்டியதுமே வாடை முகத்தில் அடித்தது. கண்ணில் நீர் வந்தது. இரண்டாவது கல்லில் தம்பி சைக்கிளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். நேற்றுப் போட்ட ஓட்டத்துக்கு இன்றைக்குத் தொடை பதில் சொன்னது. வாத்தியார் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நேத்து இதே ரோடுதானா?" என்று கேட்டார். விவசாயி, "அப்பு, எனக்கு முழங்காலு போச்சு. களத்துல நாலு நாள் நெல்லடிச்சாலும் இப்புடி ஆகாது" என்றார். நான் எப்போதும் போல ஓட்டினேன். எனக்கு எல்லா நாளும் எதிர்காற்றுதான்.

ஒட்டன்சத்திரம் தாண்டி, நான் அட்டையில் கோடு போட்டிருந்த அந்தக் கல் இல்லாத தூரம் வந்தது. நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் லாரி ஹாரன் கேட்டது. லாரி முன்னால் போனதும் உப்புத் தோல் வாசனை முகத்தில் அடித்தது. என்னைத் தாண்டி நூறு கெஜம் தள்ளி ஓரமாக நின்றது. பின்பக்கத்துத் தோல் கட்டுகளின் மேல் ஐந்து சைக்கிள்களும் கிடந்தன. வாத்தியார் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். நான் கவனிக்காத நேரத்தில் பின்னாலேயே எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள். என் தோழன் லாரியின் பின்பலகையில் குனிந்து நின்று கையை நீட்டினான்.

"பிடிச்சுக்க மாப்ளே! நம்ம மண்டி லாரிதான். டிரைவர்ட்ட நான் அப்பவே சொல்லி வச்சிட்டேன். ஒனக்காகத்தான் வரச் சொன்னது!"

அவர்கள் அசந்துபோனதால் வந்த லாரி இல்லை அது. கிளம்புவதற்கு முன்பே, திண்டுக்கல்லிலேயே, நான் பாதி வழியில் விழுந்துவிடுவேன் என்று முடிவு செய்து ஏற்பாடு பண்ணிய லாரி. என் ஏற்பாட்டுக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு ஏற்பாடு. அவர்கள் என் பின்னால் வந்தபோதெல்லாம் இந்த லாரி அவர்கள் மனதில் இருந்திருக்கிறது. நேற்றுக் காலையில் நான் போட்ட சத்தம் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

நான் நின்று, சண்டை போட்டு ஏற மறுத்துவிட்டேன் என்று பின்னால் ஊரில் கதை சொன்னார்கள். இல்லை, அங்கே பிடித்து நிற்கக் கல் கிடையாது, அதனால் நிற்க முடியவில்லை என்று நானும் சில பேரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டும் பொய். லாரியின் பின்பலகை சரியாகச் சுமைதாங்கியின் உயரத்தில் இருந்தது. கையை நீட்டியிருந்தால் போதும். இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வைத்தபடி அதைத் தாண்டிப் போனேன். என் தோழனின் விரல் என் தோளில் உரசியது. கொஞ்ச நேரத்தில் லாரி என்னைக் கடந்து போயிற்று. யார் என்ன கத்தினார்கள் என்று காற்றில் கேட்கவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். ஒரு மைல் போனதும் நான் விழுந்தேன். குறுக்கே ஆடுகள் வந்தன, பிரேக் பிடித்தேன், பிடிக்க ஒன்றும் இல்லை. காலோடு கட்டின வண்டி என் மேல் கிடந்தது. முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. ஆடு மேய்த்த பெரியவர் ஓடி வந்து, "ஐயோ பாவம்" என்றார். எறிய ஸ்பேனர் கைக்கு எட்டவில்லை. "ஆட்டைப் பாருங்க பெரியவரே, ரோட்ல லாரி வருது" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, வாரை அவிழ்த்து, சைக்கிளையே ஊன்றுகோலாக வைத்துத் தத்தித் தத்தி ஒரு வாய்க்கால் பாலத்தின் கட்டைச் சுவர் வரை போனேன். அதில் ஏறி உட்கார்ந்து அழுதேன். வலியால் அழவில்லை, அவ்வளவு ஆத்திரம். பிறகு புளிச்சோற்றில் மிச்சம் இருந்ததைத் தின்றேன், காலைக் கட்டினேன், சுவரைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

ரெட்டியார்சத்திரத்துக்குச் சற்று முன்னால் அந்தச் சுமைதாங்கி தெரிந்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆள், ஒரு சைக்கிள். என் தோழன்தான். மற்ற நாலு பேரும் லாரியிலேயே ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். இவன் மட்டும் இறங்கியிருந்தான். நான் நெருங்கியதும் என்னைப் பிடிக்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான்.

"தள்ளி நில்லுலே. எனக்குக் கல்லுதான் வேணும்" என்றேன்.

தள்ளி நின்றான். நான் கல்லைப் பிடித்து நின்றேன். வெயில் பட்டுக் கல் சூடாக இருந்தது. அவன் என் முழங்கையைப் பார்த்தான்.

"கெட்ட எண்ணத்துல செய்யல மாப்ளே" என்றான்.

"தெரியும். அதான் கோவம்."

"காத்து இப்புடித் திருப்பி அடிக்கும்னு ஒனக்கு நேத்தே தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

"சொல்லவே இல்லையே?"

"நீ லாரிக்குச் சொன்னத எங்கிட்டச் சொன்னியா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். எனக்கும் வந்தது. நான் அடக்கவில்லை. அப்புறம் அவன் தன் சைக்கிளை எடுத்து நிமிர்த்தி, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

"சரி, முன்னால போ. மெதுவா ஓட்டுறவன்தான முன்னால? இனிமே முந்த மாட்டேன், அல்லா மேல ஆணையா."

அவன் கால்களைப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. பெடலில் வைத்த கால் வழுக்கி ஒரு தடவை கீழே இறங்கியது.

"ஆமா. மெதுவா ஓட்டுறவன்தான் முன்னால. நீ போ" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏறி உட்கார்ந்து முன்னால் போனான். ஒரு நூறு கெஜத்துக்குள்ளேயே என்னால் அவனை முந்தியிருக்க முடியும். திண்டுக்கல் கோட்டை மலை தெரிந்து, ஊர் வந்து, கடை வாசல் வரும் வரைக்கும் நான் முந்தவில்லை.